கழிவு போக ஐம்பத்திரண்டு

மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது எங்கள் எஸ்டேட்டில் இரண்டு கழிவு உண்டு. கூடையின் எடைக்கு ஒன்று, இலையில் நிற்கிற தண்ணீருக்கு ஒன்று. கணக்கப்பிள்ளை பெரியமுத்து கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார். முள் ஆடி நிற்பதற்குள் மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வாயால் சொல்லி நோட்டில் எழுதுவார். மற்றப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். என் மாமியார் சுருளியம்மாள் மட்டும் நகர மாட்டாள்.

"நிறுத்தது எவ்வளவு, கழிச்சது எவ்வளவு? ரெண்டையும் சொல்லிட்டு எழுதுங்க."

"தெனமும் இதே பாட்டா?" பெரியமுத்து சலித்துக்கொள்வார். "மழை பேயுறது தெரியலையா ஒனக்கு? தண்ணிக்கு அஞ்சு கிலோ போச்சு."

"முன்னால போனவளுக்கு மூணு, எனக்கு அஞ்சா? ஏங் கூடைக்கு மட்டும் தனியா பேஞ்சுச்சாக்கும்?"

வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். பெரியமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்கு என்று திருத்துவார். சில நாள் திருத்த மாட்டார். கழிக்கவே கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஈர இலையில் தண்ணீர் இருக்கும், கூடைக்கும் எடை இருக்கும், அது நியாயம்தான். எவ்வளவு என்று காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் அவளுடைய அண்ணன் மகள். கம்பத்திலிருந்து கல்யாணமாகி, வண்டிப்பெரியாருக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற இந்த லயத்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் என்று சொல்லிப் பழக்கமில்லை, அத்தைதான். வந்த புதிதில் நான் யாரோடும் பேச மாட்டேன். "ஏம் மருமக வாயைக் கம்பத்துலயே வச்சுட்டு வந்துட்டா. அடுத்த தடவ போறப்ப மறக்காம எடுத்துட்டு வரணும்" என்று தராசுக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொல்வாள். எனக்குக் கோபம் வராது. சொல்லிக்கொண்டே என் கூடையின் அடியில் தன் தோளைக் கொடுத்துத் தூக்கி விடுவாள்.

அத்தை பதினோரு வயதில் இந்த மலைக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கம் மட்டும் தெரியும், அதுவும் தராசைப் பார்த்துப் பார்த்தே பழகியது. எந்தப் பொருளையும் கையில் வாங்கி, ஒரு தரம் மேலும் கீழும் அசைத்து, எடையைச் சொல்லிவிடுவாள். பூசணிக்காய், விறகுக் கட்டு, அரிசிப் பை, எதுவானாலும் சரி. லயத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதலில் அவள் கையில்தான் கொடுப்பார்கள். "ரெண்டே முக்கால்" என்பாள். பிறகு டிஸ்பென்சரியில் நிறுத்தால் ரெண்டே முக்கால் இருக்கும்.

மாமா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும்போது காலில் பட்ட வெட்டு புரையோடி இறந்துபோனார். அப்போது என் வீட்டுக்காரருக்குப் பதினான்கு வயது, அவருடைய தங்கை ராமுத்தாய்க்கு மூன்று. அண்ணனைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டு, தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள் அத்தை. யாராவது ஏன் என்று கேட்டால், "ஒருத்தியாச்சும் நோட்டுல என்ன எழுதுறான்னு எட்டிப் பாக்கணும்ல" என்பாள்.

ராமுத்தாய் படித்தது பெரியாற்றங்கரையில் இருந்த ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி. அங்கே தமிழ் வழி வகுப்பு உண்டு. கணக்கு வாத்தியார் ரத்தினசாமி சார், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மெலிந்த ஆள், வெயிலிலும் குடையோடுதான் நடப்பார். பாடம் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். மார்க்குப் போடும்போது மட்டும் கை வராது. அவரிடம் நூற்றுக்கு ஐம்பது வாங்கிவிட்டால் பிள்ளைகள் மிட்டாய் வாங்கி வகுப்புக்குக் கொடுப்பார்களாம்.

பத்தாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சைக்கு ராமுத்தாய் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கி வந்தாள். அரையாண்டுக்கு நாற்பத்தைந்து. கடைசியாகப் பள்ளிக்கூடம் வைத்த பரீட்சைக்கு ஐம்பத்திரண்டு. அட்டையில் கைநாட்டு வைக்க அத்தையிடம் கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன்.

"மொத்தம் எத்தனைக்கு?"

"நூறுக்கும்மா."

"நூத்துல அம்பத்திரண்டு. மிச்சம் நாப்பத்தெட்டு எங்கடி?"

ராமுத்தாய் நாலு மைல் நடந்து, நனைந்து வந்திருந்தாள். விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "கழிவும்மா. எங்க சாரு கழிவு ஜாஸ்தி போடுவாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அத்தை சிரிக்கவில்லை. கட்டை விரலை மையில் தோய்த்தாள். "கழிவு போக அம்பத்திரண்டா? அப்பச் சரி" என்றாள்.

மறுநாள் கொழுந்துக் காட்டில் அது பரவிவிட்டது. எங்கள் நிரையில் கொழுந்து எடுக்கிற அன்னமேரி அக்கா கேட்டாள். "ஏன் சுருளி, கழிவுக்கு முன்னால எத்தனை இருந்திருக்கும்?"

"அது இருக்கும், தொண்ணூறு தொண்ணூத்தஞ்சு."

"அம்புட்டுமா கழிப்பாங்க? நம்ம பெரியமுத்தையே தூக்கிச் சாப்பிட்டுட்டாரே அந்த வாத்தியாரு!"

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விளையாட்டுக்குச் சொன்னது என்று அத்தையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அவ்வளவு நிம்மதியாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அரசாங்கப் பரீட்சை முடிவு வந்தபோது அத்தை சொன்னதுதான் நடந்தது. கணக்கில் தொண்ணூற்றொன்று. மொத்தம் அறுநூறுக்கு முந்நூற்று எழுபத்தொன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம், 1974இல், அவள்தான் முதல். "பாத்தியா, கழிவு எடுத்ததும் அசல் வந்துருச்சு" என்றாள் அத்தை. ராமுத்தாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

ராமுத்தாய்க்குக் கல்லூரியில் கணக்கு எடுத்துப் படிக்க ஆசை. தமிழும் படிக்கலாம், பெண்களுக்குத் தங்க இடமும் உண்டு என்று ரத்தினசாமி சார் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றைச் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு அடுத்த பிரீடிகிரிக்கு அங்கே மட்டும்தான் விண்ணப்பம் போட்டாள். ஜூலை மாதம் நேர்காணலுக்கு அண்ணனும் தங்கையும் போனார்கள். சனிக்கிழமை மழையோடு திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ராமுத்தாய் உள்ளே வந்து, பாலிதீன் பையில் சுற்றியிருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். படவில்லை.

அந்தப் புத்தகத்தில் அரசாங்கப் பரீட்சை மார்க்குக்கு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் போட்ட மார்க்குக்கு ஒரு பக்கம். கணக்குப் பிரிவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர். இரண்டு பேருக்குமே மொத்தம் முந்நூற்று எழுபத்தொன்று. சமமாக இருந்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு மார்க்கைப் பார்ப்பது அந்தக் கல்லூரி வழக்கம். குமாஸ்தா பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். இன்னொரு பெண் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளுக்கு எண்பத்துநாலு. இவளுக்கு ஐம்பத்திரண்டு. வருகிற வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவோம், வந்து பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மதினி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மழையில நனைச்சிருக்கலாம்" என்றாள் ராமுத்தாய் என்னிடம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கழிவைச் சொன்னியா அவங்ககிட்ட?"

"அம்மா, அது நான் வெளையாட்டுக்குச் சொன்னதும்மா. மார்க்குக்குக் கழிவெல்லாம் கெடையாது. எனக்கு வந்ததே அம்பத்திரண்டுதான்."

அத்தை அவளை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். கூடையை அசைத்துப் பார்க்கிற அதே பார்வை. "சர்க்கார் தராசுல தொண்ணூத்தொண்ணு நிக்கிற சரக்கு, இவரு தராசுல எப்படிடி அம்பத்திரண்டு நிக்கும்? கழிவில்லாம?"

ராமுத்தாய் புத்தகத்தை மறுபடி பாலிதீன் பையில் சுற்றினாள்.

திங்கட்கிழமை அத்தை வேலைக்குப் போகவில்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தானாக ஒரு நாள் வேலையை விட்டது அன்றுதான். என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். "நீ அஞ்சாப்பு படிச்சவ. எழுதுறதுக்கு ஆள் வேணும்" என்றாள். என்ன எழுத என்று நான் கேட்கவில்லை.

ரத்தினசாமி சார் வராந்தாவில் ஈரக் குடையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"அடடா! அந்தப் புள்ளைக்குக் கெடச்சிரும்னுதானுங்களே நான் அங்க போடச் சொன்னது."

"கெடைக்கல சார். உங்க கழிவு எடறி விட்டுருச்சு. எவ்வளவு கழிச்சீங்க?"

"ஏனுங்கம்மா, மார்க்குக்கெல்லாம் கழிவு உண்டுங்களா? அது என்னங்க கொழுந்தா?"

"அப்ப அம்பத்திரண்டு எப்படி வந்துச்சு?"

சார் ராமுத்தாயின் விடைத்தாளை நினைவிலிருந்தே சொன்னார். ஒரு படி விட்டால் இரண்டு குறைப்பார். விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் ஒன்று. அடித்து எழுதினால் ஒன்று. ஓரத்தில் கோடு போடாவிட்டால் பக்கத்துக்கு ஒன்று. "டவுன்ல இருக்கற பசங்களுக்கு டியூசன் இருக்குதுங்க. இந்த மலைமேல இதுகளுக்கு யாரு இருக்கறாங்க? நான் இங்க எம்பது போட்டுட்டா, போதும்னு படுத்துக்கும்ங்க. கொறச்சுப் போட்டாத்தான் பயந்து படிக்கும். நல்லதுக்குத்தானுங்க கொறச்சேன்."

"எங்க கணக்கப்பிள்ளையும் இதையேதான் சொல்றாரு" என்றாள் அத்தை.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் அத்தை சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"சார், எங்க லயத்துல சங்கையான்னு ஒரு பையன். ரெண்டு வருசம் முந்தி உங்ககிட்டப் படிச்சான். தெரியுமா?"

"தெரியுங்க. நல்லா கணக்குப் போடுவான். மேல படிக்க இஷ்டமில்லாம பேக்டரிக்குப் போயிட்டான்."

"இஷ்டமில்லாம இல்ல சார். அவனுக்கும் இதேதான் நடந்துச்சு. இன்னொருத்தனும் அவனும் சமமா வந்தாங்க, பள்ளிக்கூடத்து மார்க்கப் பாத்து அந்தப் பையனுக்குக் குடுத்துட்டாங்க. கோட்டயத்துல. அவங்கப்பா உங்ககிட்ட வந்து சொல்லல. சார் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாருன்னு இருந்துட்டாரு."

சார் குடையை எடுத்து மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு, "என்கிட்ட யாருமே சொல்லலீங்களே" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஆனால், முத்திரை குத்திய மார்க்கை இனி மாற்ற முடியாது, அது குற்றம் என்றார்.

"யாரு மாத்தச் சொன்னா? மாத்துனா அது களவு. நிறுத்தது எவ்வளவு, கழிச்சது எவ்வளவு, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அத வச்சு நான் பேசிக்கிறேன்."

"அது எப்படீங்க எழுதறது? யாருக்கு எவ்வளவு கொறச்சேன்னு நான் கணக்கா வெச்சிருக்கேன்?"

அத்தை யோசித்தாள். தராசு சரியில்லை என்று சந்தேகம் வந்தால் எஸ்டேட்டில் ஒரு வழி உண்டு. ஒரே ஆளின் கூடையைத் திரும்பத் திரும்ப நிறுத்துப் பயனில்லை. அன்றைக்கு அந்தத் தராசில் நிறுத்த எல்லாருடைய எடையையும் வரிசையாக வாசிக்கச் சொல்வார்கள். பத்து கூடையை இரண்டாவது தராசிலும் நிறுத்தால் முதல் தராசு எத்தனை தின்கிறது என்று தெரிந்துவிடும்.

"அந்தப் பரீச்சையில மத்தப் பிள்ளைங்க எவ்வளவு வாங்குச்சுன்னு எழுதி வச்சிருப்பீங்கள்ல? அதே பிள்ளைங்க சர்க்கார் பரீச்சையில எவ்வளவு வாங்குச்சு? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க."

சார் பீரோவைத் திறந்து இரண்டு ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். அவர் வாசிக்க, நான் எழுதினேன். நாற்பத்தொரு பேர். பேர், பள்ளிக்கூடத்துக் கணக்கு மார்க்கு, அரசாங்கப் பரீட்சைக் கணக்கு மார்க்கு. வெகுநாளாகப் பேனா பிடிக்காத கை, முதல் பத்துப் பேர் கோணல்மாணலாகப் போனார்கள். ராமுத்தாய் ஐம்பத்திரண்டு, தொண்ணூற்றொன்று. அவளுக்கு அடுத்தவன் நாற்பத்தாறு, எண்பத்துமூன்று. இன்னொருத்தி முப்பத்தொன்று, அறுபத்தெட்டு. இருபத்துநாலு வாங்கியவனுக்கு ஐம்பத்தொன்பது.

முதலில் சார் வேகமாக வாசித்தார். பாதிக்கு மேல் குரல் மெதுவாகியது. கடைசிப் பேரை வாசித்துவிட்டு என் கையிலிருந்து தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது" என்றார். "எல்லாருக்குமே ஏறக்குறைய ஒண்ணுபோலப் போயிருக்குதுங்க. இத்தன வருசத்துல இந்த ரெண்டையும் நான் பக்கத்துல வெச்சுப் பாத்ததே இல்லீங்க."

"இப்பச் சொல்லுங்க, கழிவு உண்டா இல்லையா?"

"உண்டுங்க" என்றார் சார்.

என் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியரிடம் முத்திரை வாங்க மறுநாள் ஆயிற்று.

புதன்கிழமை விடிந்ததும் அத்தையும் ராமுத்தாயும் நானும் பஸ் ஏறினோம். தாளை மழைக்குக் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கில் மூன்று சுற்றுச் சுற்றி, அத்தை இடுப்பில் செருகியிருந்தாள். குமுளி இறங்கும்வரை மழை. கம்பத்தில் வெயில் அடித்தது. தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போகும்போது அத்தை வழியெல்லாம் தென்னையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "கொழுந்தக் குனியாமப் பறிக்க முடியாது, தேங்காய ஏறாமப் பறிக்க முடியாது, எல்லா மரமும் மனுசனை வேலை வாங்கத்தான் நிக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் சித்தூருக்குப் பக்கத்தில் ரத்தினசாமி சாருடைய தங்கை பொன்னாத்தாள் வீட்டில் தங்கினோம். சார் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த அம்மாள் கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க அம்மிணி, மொதல்ல கை கழுவுங்க" என்று இலை போட்டாள். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் கரண்டியோடு உட்கார்ந்து சிரித்தாள்.

"எங்கண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தானுங்க. பரிமாறச் சொன்னா எல்லாரு எலையிலயும் ஒரு கரண்டி கொறச்சுத்தான் வெப்பாரு. கேட்டா, பசி இருந்தாத்தான் ருசிக்கும்பாரு. ஊட்டுல யாருமே அவரு கையில சோறு வாங்க மாட்டோமுங்க!" சொல்லிவிட்டு அத்தையின் இலையில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். "எங்கண்ணன் கழிச்சது" என்றாள்.

வியாழக்கிழமை கல்லூரி. ஆபீசில் குமாஸ்தா எங்களை உள்ளே விடவில்லை. அத்தை வாசலை விட்டு நகரவில்லை. இரண்டு மணி நேரம் நின்றோம். பிரின்சிபால் சாப்பிட்டுத் திரும்பி வரும்போது அத்தை நேராகப் போய்த் தாளை நீட்டினாள்.

"ஐயா, எம் பொண்ணுக்குப் போட்டது கழிவு போக உள்ள மார்க்கு. கழிவை யாரும் உங்களுக்குச் சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். ராமுத்தாய் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். பிரின்சிபால் வயதானவர், பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ். "கழிவோ? எந்தக் கழிவு?" என்றார்.

அத்தை சொன்னாள். கூடையையும் தண்ணீரையும் தராசையும் சொன்னாள். அவளுக்குச் சதவீதம் என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் ஒரே தராசில் நாற்பத்தொரு கூடை நிறுத்தால் எந்தக் கூடை கனம் என்று தெரியும், வேறு வேறு தராசில் நிறுத்த இரண்டு கூடையைப் பக்கத்தில் வைத்தால் தெரியாது என்று சொன்னாள். தராசுக் கொட்டகையில் பேசுகிற குரலில் பேசவில்லை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. தாளை நீட்டிய கையும் மடங்கவே இல்லை.

பிரின்சிபால் தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து வாசித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "மற்றக் குட்டிக்குப் பப்ளிக்கில் கணக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"எழுபத்தொன்பது சார்."

"ஸ்கூலில் எண்பத்துநாலு, பப்ளிக்கில் எழுபத்தொன்பது. இங்கே ஐம்பத்திரண்டு, தொண்ணூற்றொன்று." இரண்டு விரலை மேசைமேல் வைத்து இரண்டு மூன்று தரம் தட்டினார். "அம்மா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரூல் உண்டல்லோ. நான் தனியே தீர்மானிக்க முடியாது. கமிட்டியில் வைக்கிறேன். நாளைக்கு லிஸ்ட் பாருங்கோ."

தாளை அவர் திருப்பித் தரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று மூன்று பேரும் பொன்னாத்தாள் வீடுவரை பேசிக்கொண்டே போனோம்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கணக்குப் பிரிவில் கடைசிப் பேர், எஸ். ராமுத்தாய், வண்டிப்பெரியார். ராமுத்தாய் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். அத்தைக்கு எழுத்து தெரியாது, எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அப்போதுதான் நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ராமுத்தாய் வயசுதான் இருக்கும். இரட்டைச் சடை, இஸ்திரி போட்ட பாவாடை. பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் பார்த்தாள். மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பா, "எம்பத்துநாலுன்னு சொன்னாங்களே கண்ணு" என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை அவர்களைப் பார்த்தாள். பக்கத்தில் போகப் போனாள், ஓரடி வைத்து நின்றுவிட்டாள்.

ராமுத்தாயைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பொள்ளாச்சிவரை அத்தை பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு அவ பள்ளிக்கூடத்துல கூட்டிப் போட்டுட்டாங்க. அதுவும் ஒரு கழிவுதான். நம்ம பிள்ளைக்காவது வெளிய தெரிஞ்சுது. பாவம், அவளுக்குத் தெரியாமலே போட்டுட்டாங்க." ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "டீயிலயும் தண்ணி ஜாஸ்தி" என்றாள்.

எஸ்டேட்டுக்கு எங்களுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. திங்கட்கிழமை தராசுக் கொட்டகையில் அன்னமேரி அக்கா உரக்கச் சொன்னாள், "கணக்கப்பிள்ளே, பாத்து நிறுங்க. காலேஜ் பெரியவரையே கழிவு கேட்டுட்டு வந்திருக்கா." பெரியமுத்து அத்தையின் கூடையை மாட்டினார். முள் நிற்கும்வரை காத்திருந்தார்.

"நிறுத்தது பத்தொம்பது. கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு. பதினாலு. சரியா தாயே?"

"சரி, எழுதுங்க" என்றாள் அத்தை. நகரவில்லை. "பின்னால நிக்கிறவளுக்கும் இப்படியே சொல்லுங்க" என்றாள். பின்னால் நின்றது நான்.

ரத்தினசாமி சார் அதற்குப் பிறகும் கை தளரவில்லை. ஓரத்தில் கோடு போடாவிட்டால் ஒன்று குறைப்பது குறைப்பதுதான். ஆனால் அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் மார்க்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், வகுப்பில் எத்தனையாவது, வகுப்பில் அதிக மார்க்கு எவ்வளவு என்று எழுதித் தலைமையாசிரியர் முத்திரையும் வாங்கி வைத்தார். ஒருநாள் லயத்துக்கே வந்து சங்கையாவைத் தேடினார். கல்லூரியில் சேராமல் வெளியிலிருந்தே பிரீடிகிரிப் பரீட்சை எழுதலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றாராம். சங்கையா பேக்டரி வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தான். எத்தனை நாள் போனான் என்று எனக்குத் தெரியாது.

மார்கழியில் ராமுத்தாயிடமிருந்து கடிதம் வந்தது. அத்தை அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, என்னை வாசிக்கச் சொன்னாள். விடுதிச் சாப்பாடு, பொன்னாத்தாள் அம்மாள் கொடுத்தனுப்பிய முறுக்கு, எல்லாம் எழுதிவிட்டு, முதல் பரீட்சையில் கணக்கில் அறுபத்துநாலு வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "அம்மாவிடம் சொல்லுங்கள் மதினி, இங்கே கழிவு கிடையாது. இது அசல்."

நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன். அத்தை சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, மேலும் கீழும் ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள்.

"கழிவில்லாத தராசு எங்கடி இருக்கு?" என்றாள். "பேனாவ எடு. வகுப்புல மத்தப் பிள்ளைங்க எவ்வளவுன்னு கேட்டு எழுதச் சொல்லு."